தொடக்ககாலத் தொலைக்காட்சி உரையாடல் பதிவுகளின் இழப்பு

தொலைக்காட்சி தோன்றிய முதல் இருபது முப்பது ஆண்டுகளில் ஒளிபரப்பான உரையாடல் நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி இன்று எங்கும் இல்லை. அவற்றுள் பல, பதிவே செய்யப்படாமல் நேரலையாகப் போய் முடிந்தன. பதிவு செய்யப்பட்டவற்றுள்ளும் பல, அதே நாடாவில் வேறு நிகழ்ச்சியைப் பதிவதற்காக அழிக்கப்பட்டன. அமெரிக்காவின் பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சிகள் இந்த இழப்புக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுபவை. இந்தியத் தொலைக்காட்சியின் தொடக்ககாலத்திற்கும் இது பொருந்தும். 1975-இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் முதல் ஆண்டுகள் இன்று பார்த்தவர்களின் நினைவில் இருக்கும் அளவுக்குப் பதிவுகளில் இல்லை.

பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சியின் தோற்றம்

இரவு உணவுக்குப் பின், உறங்கப் போகும் முன், வீட்டில் இருப்போர் பார்ப்பதற்கென ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்ற எண்ணம் 1950-களில் அமெரிக்காவில் உருவானது. என்.பி.சி. நிறுவனம் 1950-இல் தொடங்கிய 'பிராட்வே ஓப்பன் ஹவுஸ்' இவ்வகையில் முன்னோடி. அதே நிறுவனத்தின் 'டுநைட்' நிகழ்ச்சி 1954 செப்டம்பர் 27 அன்று ஸ்டீவ் ஆலன் நடத்த, நாடெங்கும் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஒரு மேசை, அதன் பின்னால் நடத்துநர், பக்கத்தில் விருந்தினர், சற்றுத் தள்ளி இசைக்குழு என்னும் அமைப்பு இன்று உலகெங்கும் உள்ள உரையாடல் நிகழ்ச்சிகளில் காணப்படுகிறது. அதற்கு அடித்தளம் இட்டது இந்நிகழ்ச்சியே.

ஆலனுக்குப் பின் 1957 முதல் 1962 வரை ஜாக் பார் இதனை நடத்தினார். 1960-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட ஜான் கென்னடி, ரிச்சர்ட் நிக்சன் ஆகிய இருவரும் அவ்வாண்டில் இந்நிகழ்ச்சிக்கு வந்தனர். கேளிக்கைக்காகத் தொடங்கிய மேடை, அரசியலர் மக்களிடம் பேசும் இடமாகவும் மாறியதை இது காட்டுகிறது. 1962 அக்டோபர் 1 முதல் ஜானி கார்சன் நடத்துநரானார். 1992 மே மாதம் வரை முப்பது ஆண்டுகள் அவர் அந்த இருக்கையில் இருந்தார்.

நாடா வந்தது, அழிப்பும் வந்தது

முதலில் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்ய ஒரே வழிதான் இருந்தது. தொலைக்காட்சித் திரைக்கு எதிரே திரைப்படக் கருவியை வைத்து, திரையில் தெரிவதைப் படச்சுருளில் எடுத்தனர். இதற்குக் கினெஸ்கோப் என்று பெயர். படம் மங்கலாக இருந்தது. ஆனால் படச்சுருளை அழித்து மறுபடி பயன்படுத்த இயலாது. ஆகவே, தூக்கி எறியப்படாத சுருள்கள் எஞ்சின.

1956-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் காந்த நாடாவில் ஒளியையும் ஒலியையும் பதியும் கருவியை அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் 2 அங்குலம். கருவி ஒன்றின் விலை ஏறத்தாழ 50,000 டாலர். ஒரு மணி நேரம் ஓடும் நாடா ஒன்றுக்கு 300 டாலர் அளவில் செலவானது. அன்றைய மதிப்பில் இவை பெருந்தொகைகள். பதிந்ததை அழித்துவிட்டு அதே நாடாவில் மறுபடி பதியலாம் என்பது காந்த நாடாவின் சிறப்பாக விற்கப்பட்டது. பிற்காலத்தில் அந்தச் சிறப்பே இழப்புக்கு வழியாயிற்று.

வாரத்திற்கு ஐந்து இரவுகள் நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கணக்கான நாடாக்கள் தேவைப்பட்டன. அவற்றை அடுக்கி வைக்க இடம் வேண்டும். நேற்றைய உரையாடலை நாளை எவர் பார்ப்பார் என்ற கேள்வியும் இருந்தது. நாடகம், திரைப்படம் போன்றவற்றை மறு ஒளிபரப்புச் செய்து பணம் ஈட்ட முடியும். அன்றாட நிகழ்வுகளைப் பேசும் உரையாடலுக்கு அத்தகைய சந்தை இல்லை என்று நிறுவனங்கள் கருதின. எனவே நாடாக்கள் அழிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டன.

இதன் விளைவாக, கார்சன் நியூயார்க்கில் இருந்து நிகழ்ச்சியை நடத்திய 1962 முதல் 1972 வரையிலான பத்தாண்டுப் பதிவுகளில் பெரும்பகுதி அழிந்தது. அவர் பொறுப்பேற்ற முதல் இரவின் ஒலிப்பதிவு மட்டும் எஞ்சியுள்ளது. 1972-இல் நிகழ்ச்சி கலிபோர்னியாவுக்கு இடம் மாறிய பின் நிலைமை மாறியது. அதன் பிந்தைய நாடாக்கள் கேன்சஸ் மாநிலத்தில் உள்ள ஓர் உப்புச் சுரங்கக் கிடங்கில் பாதுகாக்கப்பட்டன. நிலத்தடி உப்புச் சுரங்கத்தில் ஈரப்பதம் குறைவு. வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். நாடாவுக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை.

1968-ஆம் ஆண்டின் ஒரு வாரம்

இழப்பின் அளவை உணர 1968 பிப்ரவரியில் நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிடலாம். கார்சன் விடுப்பில் இருந்த ஒரு வாரம், கறுப்பினப் பாடகரும் நடிகருமான ஹாரி பெலபான்டே நிகழ்ச்சியை நடத்தினார். குடியுரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. அந்த வாரத்தில் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ஆகியோர் விருந்தினராக வந்து பேசினர். ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூன் மாதத்தில் கென்னடியும் கொல்லப்பட்டார்.

அந்த வாரத்து நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி இன்று இல்லை. கிங், கென்னடி இருவரின் உரையாடல்கள் எஞ்சியுள்ளன. மற்ற விருந்தினர்கள் வந்தார்கள் என்பது செய்தித்தாள் குறிப்புகளால் தெரியும். என்ன பேசினார்கள், எப்படிப் பேசினார்கள் என்பதைக் காண வழியில்லை. நாடாவை அழித்தவருக்கு அது வரலாறாகத் தோன்றியிராது. அழிக்கும் வேலை அன்றாட அலுவலாக நடந்தது.

பிரித்தானிய ஒளிபரப்புக் கழகத்திலும் (பி.பி.சி.) 1970-களின் பிற்பகுதி வரை இதே வழக்கம் இருந்தது. நடிகர் சங்க ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளைப் பதிவுகளுக்கு மதிப்பில்லை என்ற எண்ணமும் சேர்ந்தது. அங்கு அழிந்தவற்றுள் சில, வெளிநாடுகளுக்கு விற்கப்பட்ட படச்சுருள் படிகளில் இருந்து மீட்கப்பட்டன. 'டாக்டர் ஹூ' தொடரின் தொலைந்த பகுதிகளில் ஒன்பது, நைஜீரியாவில் கிடைத்ததாக 2013-இல் அறிவிக்கப்பட்டது. உரையாடல் நிகழ்ச்சிகளுக்கு இந்த வாய்ப்பும் குறைவு. அவை வெளிநாட்டுக்கு விற்கப்படுபவை அல்ல.

இந்தியத் தொலைக்காட்சி

இந்தியாவில் 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொலைக்காட்சி தொடங்கியது. அன்றாட ஒளிபரப்பு 1965-இல் வந்தது. மும்பை நிலையம் 1972 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்டது. அந்நிலையத்தில் நடிகை தபஸ்ஸும் நடத்திய 'பூல் கிலே ஹைன் குல்ஷன் குல்ஷன்' இந்தியாவின் முதல் தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியாகக் கருதப்படுகிறது. திரையுலகினரை அழைத்துப் பேசும் அந்நிகழ்ச்சி 1972 முதல் 1993 வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அவ்வளவு நீண்ட காலம் நடந்த நிகழ்ச்சியின் சில பகுதிகளே இன்று பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கின்றன.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1976 ஏப்ரல் 1 அன்று, தொலைக்காட்சி அனைத்திந்திய வானொலியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தூர்தர்ஷன் என்னும் தனி அமைப்பானது. சென்னைத் தொலைக்காட்சியின் 'வயலும் வாழ்வும்', 'ஒலியும் ஒளியும்', பார்வையாளர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் 'எதிரொலி' ஆகியவை ஒரு தலைமுறையின் நினைவில் நிற்பவை. எழுத்தாளர், இசைக்கலைஞர், நடிகர், மருத்துவர், உழவர் எனப் பலரும் அந்த அரங்கில் அமர்ந்து பேசினர்.

அன்றைய இந்தியச் சூழலில் இப்பதிவுகள் நிலைக்காமல் போனதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, நேரலை. பல நிகழ்ச்சிகள் அரங்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயின. அவற்றுக்குப் பதிவே கிடையாது.

இரண்டாவது, நாடாவின் விலை. ஒளிப்பதிவு நாடாவும் கருவியும் வெளிநாட்டிலிருந்து அன்னியச் செலாவணி கொடுத்து வாங்கப்பட்டவை. கையிருப்பில் உள்ள நாடாவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது சிக்கனமாகக் கருதப்பட்டது.

மூன்றாவது, தட்பவெப்பம். காந்த நாடா என்பது நெகிழித் தகட்டின் மேல் காந்தத் துகள்களைப் பசைப்பொருளால் ஒட்டியது. ஈரக்காற்றில் அந்தப் பசைப்பொருள் நீரை உறிஞ்சி இளகும். அப்போது நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓடவிட்டால் துகள்கள் உரிந்துவிடும். பூஞ்சையும் பிடிக்கும். சென்னை போன்ற கடற்கரை நகரில் ஆண்டு முழுவதும் குளிர்சாதனமும் ஈரக் கட்டுப்பாடும் இல்லாமல் நாடா நெடுங்காலம் நிலைக்காது.

நான்காவது, கருவிகளின் மாற்றம். 2 அங்குல நாடா, 1 அங்குல நாடா, யூ-மேடிக், பீட்டாகேம் என ஒவ்வொரு பத்தாண்டிலும் வடிவம் மாறியது. ஒன்றின் நாடா மற்றொன்றின் கருவியில் ஓடாது. நாடா நல்ல நிலையில் இருந்தாலும் அதை ஓட்டும் கருவி பழுதாகி, உதிரிப்பாகம் கிடைக்காமல் போனால், அதில் உள்ளதைப் பார்க்க முடியாது. வீடுகளில் பயன்பட்ட வி.எச்.எஸ். கருவியைக் கடைசியாகச் செய்துவந்த சப்பானிய நிறுவனமான பூனாய் 2016 ஜூலையில் அதன் உற்பத்தியை நிறுத்தியது.

எஞ்சியவற்றுள் ஒரு பகுதியைப் பிரசார் பாரதி டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றி இணையத்தில் வெளியிட்டு வருகிறது. அதில் காணக் கிடைக்கும் பழைய நேர்காணல்கள் எவ்வளவு மதிப்புள்ளவை என்பதைப் பார்ப்பவர் உணர்வர். கிடைக்காதவை என்னென்ன என்ற எண்ணமும் உடன் எழுவது இயல்பு.

தமிழ்த் திரைப்படம் தந்த முன்பாடம்

இத்தகைய இழப்பு தமிழகத்துக்குப் புதிதன்று. நடராச முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படம் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் படியும் இல்லை. சென்னையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. தென்னிந்திய ஊமைப்படங்களில் நமக்குக் கிடைப்பது 1933-இல் வெளியான 'மார்த்தாண்ட வர்மா' என்னும் ஒன்றே எனலாம். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964-இல் அமைக்கப்பட்டபோது இவற்றில் பல ஏற்கெனவே மறைந்துவிட்டன.

திரைப்படத்துக்காவது பாட்டுப் புத்தகம், சுவரொட்டி, விளம்பரம், விமர்சனம் ஆகியவை துணைச் சான்றுகளாக உள்ளன. தொலைக்காட்சி உரையாடலுக்கு அவையும் இல்லை. நாளிதழில் 'இரவு 8.30: நேர்காணல்' என்ற ஒரு வரி இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

திருப்பெரும்புதூர்–ஒரகடம்: இன்றைய கேள்வி

இதனைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாது. சென்னைக்குத் தென்மேற்கே உள்ள திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இது விளங்கும்.

1970, 80-களில் தமிழக வீடுகளில் இருந்த டயனோரா, சாலிடேர் பெட்டிகள் சென்னை நிறுவனங்களின் தயாரிப்புகள். பின்னர் உற்பத்தி நகரின் புறத்தே நகர்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை திருப்பெரும்புதூரில் திறக்கப்பட்டது. 2007-இல் சாம்சங் ஆலை தொடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவை அங்கு உருவாகின்றன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் கார் ஆலை வந்தது. ஏரியும் வயலுமாக இருந்த வட்டாரம் இருபது ஆண்டுகளில் முழுதும் மாறியது.

இந்த மாற்றத்தின் வரலாற்றை எழுத வருபவருக்கு அரசாணைகளும் நிறுவன அறிக்கைகளும் கிடைக்கும். தொழிலாளரும் ஊர்மக்களும் என்ன சொன்னார்கள் என்பதற்கான சான்றில் பெரும்பகுதி, தொலைக்காட்சிச் செய்திகளிலும் இரவு விவாதங்களிலும் உள்ளது. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் உடல்நலம் பாதிக்கப்பட்டதை அடுத்து பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்தனர். 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள்கள் நடந்தது. தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகள் இவற்றைப் பேசின. தொழிற்சங்கத்தினர், அரசியல் கட்சியினர், பொருளியல் வல்லுநர் ஆகியோர் ஒரே மேடையில் எதிரெதிராக வாதிடுவதைக் காட்டும் ஆவணம் வேறு வகையில் கிடைப்பது அரிது.

2011-இல் தொடங்கிய புதிய தலைமுறையின் 'நேர்படப் பேசு', தந்தி தொலைக்காட்சியின் 'ஆயுத எழுத்து' போன்ற இரவு விவாதங்கள் தமிழகத்தின் அன்றாட அரசியல் உரையாடலாகவே ஆகிவிட்டன. அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பு எவருடையது என்பதே கேள்வி.

சட்டம் சொல்வது

இந்தியாவில் அச்சாகும் நூல்களுக்கு 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம் உள்ளது. வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். பின்னர் இச்சட்டம் செய்தித்தாள்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு சிற்றூரில் அச்சான கவிதை நூலைக்கூட ஆய்வாளர் கன்னிமாராவில் தேடிப் பார்க்க முடிவது இதனால்தான்.

ஒளிபரப்புக்கு இத்தகைய சட்டம் இல்லை. தனியார் தொலைக்காட்சிகளுக்கான அரசு வழிகாட்டு நெறிகள், ஒளிபரப்பியவற்றின் பதிவை 90 நாள்கள் வைத்திருக்கச் சொல்கின்றன. முறையீடு எழுந்தால் அரசு கேட்டுப் பார்ப்பதற்கான ஏற்பாடு இது. வரலாற்றைப் பேணுவது இதன் நோக்கம் அன்று. 91-ஆம் நாள் பதிவை அழித்தாலும் நிறுவனத்தின் மீது குற்றம் இல்லை.

பிற நாடுகள் வேறு வழிகளைக் கண்டன. பிரான்சில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம், வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் நூல்களைப் போலவே சட்டப்படி ஒப்படைக்க வழிசெய்தது. தேசிய ஒலி ஒளிக் கழகம் அவற்றைப் பேணுகிறது. அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்டு முதல் இரவுச் செய்திகளைப் பதிந்து வருகிறது. ஒளிபரப்பு நிறுவனங்கள் தம் செய்திகளைப் பாதுகாக்கவில்லை என்று அறிந்த ஒருவர் எழுப்பிய கேள்வியில் இருந்து அந்தப் பணி பிறந்தது. யுனெஸ்கோ 1980-இல் அசையும் படிமங்களின் பாதுகாப்புக்கான பரிந்துரையை ஏற்றது. அதன் நினைவாக அக்டோபர் 27 உலக ஒலி ஒளி மரபு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இணையம் காக்குமா?

இன்று எல்லாம் யூடியூபில் உள்ளன, இனி எதுவும் அழியாது என்ற கருத்து பரவலாக உள்ளது. யூடியூப் ஆவணக்காப்பகம் அன்று. ஒரு நிறுவனம் கைமாறினாலோ, மூடப்பட்டாலோ, பதிப்புரிமைப் புகார் எழுந்தாலோ பதிவுகள் ஒரே நாளில் நீக்கப்படலாம். அரசியல் காரணத்துக்காக ஒரு விவாதத்தை நிறுவனமே நீக்கிக்கொள்ளவும் கூடும். இணையத்தில் ஏற்றப்படுவது பெரும்பாலும் சுருக்கப்பட்ட படி. மூலப்பதிவு நிறுவனத்தின் சேமிப்புக் கலன்களில் இருக்கும். இடம் நிரம்பும்போது பழையது நீக்கப்படும். நாடாவின் இடத்தில் வன்தட்டு வந்துள்ளது. 'இடம் போதவில்லை, பழையதை அழி' என்ற முடிவு மாறவில்லை.

தொலைந்தவற்றை மீட்கும் முயற்சியில் தனியாரின் பங்கு பெரிது. அமெரிக்காவில் வீட்டில் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்த பார்வையாளரால் சில பகுதிகள் காக்கப்பட்டன. தமிழகத்திலும் 1980-களின் இறுதியில் வி.சி.ஆர். வைத்திருந்த குடும்பங்கள் தமக்கு வேண்டியவர் தோன்றிய நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்தன. எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்கள், நாடக நடிகர்கள் ஆகியோரின் வீட்டுப் பரண்களில் அத்தகைய கேசட்டுகள் இருக்க வாய்ப்புண்டு. அவற்றின் ஆயுள் முடியும் தறுவாயில் உள்ளது. ஒலி ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் யுனெஸ்கோவும் இணைந்து 2019-இல் காந்த நாடாக்கள் குறித்து எச்சரிக்கை விடுத்தன. ஓட்டும் கருவிகள் மறைந்துவருவதால், மாற்றப்படாத நாடாக்களின் உள்ளடக்கம் விரைவில் எட்டாமற்போகும் என்பது அதன் சாரம்.

மதிப்பீடு

தொடக்ககாலத் தொலைக்காட்சி உரையாடல்களைப் பகையோ போரோ அழிக்கவில்லை. செலவைக் குறைக்க நினைத்த அலுவலர்களும், இடம் போதாத கிடங்குகளும், 'இதை எவர் மறுபடி பார்ப்பார்' என்ற எண்ணமும் அழித்தன. அந்த எண்ணம் தவறு என்பது பதிவு போன பிறகே தெரிந்தது. ஒரு மனிதரின் எழுத்து நூலில் இருக்கும். அவர் கேள்வி ஒன்றைக் கேட்டுத் தயங்கியது, சிரித்தது, சினந்தது, சொல்லைத் தேடியது ஆகியவை பதிவில் மட்டுமே இருக்கும். தன் காலத்து வட்டாரத் தமிழை ஒருவர் எப்படிப் பேசினார் என்பதற்கும் அதுவே சான்று.

தொலைக்காட்சிப் பெட்டியை உலகச் சந்தைக்குச் செய்து தரும் திறன் தமிழ்நாட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அப்பெட்டியில் தோன்றியவற்றைச் சட்டப்படி சேர்த்து வைக்கும் ஓர் ஒளிபரப்புக் காப்பகம் இன்னும் அமையவில்லை. கன்னிமாரா நூலகம் நூலுக்குச் செய்வதை ஒளிபரப்புக்குச் செய்யும் ஏற்பாடு வரும்வரை, இன்றிரவு நடக்கும் விவாதத்துக்குச் சட்டம் உறுதியளிக்கும் வாழ்நாள் 90 நாள்களே.